மத்தர் கீழே வைத்த கோப்பை

“மசூதியப் பாக்கணுமா, பாரு. கடலப் பாக்கணுமா, பாரு. அந்தக் கல்ஃபான் வீட்டு வாசலப் பாக்கணும்னா இப்பவே சொல்லிடு, நான் செருப்பக் கழட்டிட்டு உள்ள போயிடறேன்.”

“உங்கள யாரு அங்க கூப்பிட்டா? அபுதாபின்னு சொன்னதும் எங்கண்ணன் வீடுதான் ஞாபகம் வருதா? அவ்வளவு பெரிய ஊருல வேற எதுவுமே இல்லையா?”

“உன்ன எனக்குத் தெரியாதா சலாமா? கல்யாணம் ஆன நாள்லேந்து தெரியும்.”

“தெரியுதில்ல, அப்ப ஏறுங்க. வெயில் ஏறிடப்போகுது.”

கிழக்குக் கடற்கரை ஊரான திப்பாவில் சூரியன் அப்போதுதான் கடலுக்குள்ளிருந்து தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குள் தெருவில் பாதி ஜன்னல்களின் திரை லேசாக விலகியிருந்தது. மத்தரும் சலாமாவும் சண்டை போட்டால் மெதுவாகப் போட மாட்டார்கள் என்பது இந்தத் தெருவுக்கு ஒரு வசதி. காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. வாசல் பெருக்குகிற மாதிரி நின்றாலே போதும்.

வண்டியின் பின் சீட்டிலிருந்து மூன்றாவது குரல் வந்தது. “மத்தரு, ஏறுறதுன்னா ஏறு. இல்லேன்னா கதவையாவது சாத்து. உள்ள இருக்கிற குளிரெல்லாம் தெருவுக்குப் போகுது.”

அது பக்கத்து வீட்டு ஃபத்தூம். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஊர்க்காரியம் பார்ப்பதே அவளுக்கு உத்தியோகம். அவளை யாரும் அழைக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் சலாமாவின் மகன் சுஹைல் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தே தூரத்துப் பயணம் என்று கண்டுபிடித்துவிட்டாள். விடிவதற்கு முன்பே ஒரு டப்பா நிறைய பேரீச்சம்பழமும் பெரிய ஃபிளாஸ்க்குமாக வந்து உட்கார்ந்தாகிவிட்டது. சலாமாவும் தடுக்கவில்லை. வெளியாள் இருந்தால் மத்தர் குரலை உயர்த்த மாட்டார் என்று அவள் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு எவ்வளவு தூரம் பலித்தது என்பதை மேலே பார்த்தீர்கள்.

“சரி, அண்ணன் வீட்டுக்குப் போகலேன்னு சொல்லு” என்றார் மத்தர்.

“இன்ஷா அல்லா” என்றாள் சலாமா.

போவதற்கும் அதே வார்த்தைதான், போகாமல் இருப்பதற்கும் அதே வார்த்தைதான். மத்தர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு முன் சீட்டில் ஏறினார். சுஹைல் வண்டியைக் கிளப்பினான். சலாமா “அல்ஹம்துலில்லா” என்றாள். அவளுக்கு எதற்கெடுத்தாலும் நன்றி சொல்லியாக வேண்டும். சிக்னல் பச்சை விழுந்தால் ஒன்று, மாவு புளித்து வந்தால் ஒன்று. “இவ நன்றி சொல்றதக் கேட்டுக் கேட்டு வானவங்களுக்கே காது வலிக்கும்” என்று ஃபத்தூம் அவள் முகத்துக்கு நேராகவே சொல்வதுண்டு.

ஆனால் ஒரு விஷயத்துக்கு மட்டும் அவளால் இன்னும் நன்றி சொல்ல முடியவில்லை. சுஹைலுக்குக் கல்யாண வயது வந்து, அது தாண்டியும் போய்க்கொண்டிருந்தது. அவன் மனசு மாமன் மகள் ஷம்மாமேல். ஷம்மாவும் தன் அம்மாவிடம் அத்தை மகனைத் தவிர வேறு யார் பேச்சையும் எடுக்காதே என்று சொல்லியாகிவிட்டது. பெண் தயார், பையன் தயார், இரண்டு அம்மாக்களும் போனில் நகையைப் பற்றிப் பேசுகிற அளவுக்குத் தயார். பையனின் அப்பா நேரில் போய் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைதான் மத்தரின் வாயிலிருந்து வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது ஊருக்கே தெரிந்த கதை. பத்து வருஷத்துக்கு முன்னால் தன் தம்பிக்கு ஒரு வேலைக்குச் சொல்லச் சொல்லி மத்தர் கல்ஃபானிடம் போனார். போனவர் முறைப்படி, ஊற்றிக்கொடுத்த கஹ்வாவை, அந்த அரபுக் காப்பியை, குடிக்காமல் கோப்பையைக் கீழே வைத்தார். ஒருவன் கோப்பையைக் கீழே வைத்தால் கேட்க வந்திருக்கிறான் என்று அர்த்தம். “குடி, வந்த காரியம் முடிஞ்சது” என்று வீட்டுக்காரன் சொல்ல வேண்டும். அதற்கப்புறம்தான் குடிப்பது. கல்ஃபான் சொல்லவில்லை. காதில் போனை வைத்துக்கொண்டு யாரோ பெரிய ஆளோடு பேசிக்கொண்டே இருந்தார். கோப்பை ஆறியது. மத்தர் எழுந்து வந்துவிட்டார். அன்றிலிருந்து மச்சான் என்று ஒருத்தர் இருப்பதாகவே அவர் காட்டிக்கொள்வதில்லை. கல்யாணத்திலோ துக்கத்திலோ எதிரே வந்தால் மூக்கோடு மூக்கு ஒட்டி முகமன் சொல்வதோடு சரி. அதுவும் ஈரப் பெயின்ட்டைத் தொடுகிற மாதிரி.

அண்ணன் வீட்டு வாசலை மிதித்து சலாமாவுக்கும் பத்து வருஷம். அதனால்தான் இந்த ஊர் சுற்றும் யோசனை. பெரிய திட்டமொன்றும் அவளிடம் இல்லை. அந்த ஊருக்குள் இந்த மனுஷனைக் கொண்டுபோய்விட்டால் மிச்சத்தை மேலே இருக்கிறவன் பார்த்துக்கொள்வான் என்பதுதான்.

மலைகளைத் தாண்டி மணல் வந்தது. மணலைத் தாண்டி நெடுஞ்சாலை. வழி நெடுக எந்தத் திருப்பத்தில் யாருடைய மகள் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள், எந்த மருமகள் மாமியாரைத் தனியாக வைத்துவிட்டாள் என்று ஃபத்தூம் ஒப்பித்துக்கொண்டே வந்தாள். பேச்சு எப்படியோ கல்ஃபானிடம் வந்து நின்றது. எப்படி என்று கேட்காதீர்கள், ஃபத்தூம்தான் கொண்டுவந்தாள்.

“புது வீடு கட்டியிருக்காராமே.”

“கட்டட்டும்” என்றார் மத்தர், அவள் நீட்டிய டப்பாவிலிருந்து ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டே. “அரமனை கட்டட்டும். வந்த மனுஷன் கோப்பையப் பாக்கத் தெரியாதவன்…”

சொல்லி முடிக்கவில்லை. வண்டிக்குள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ‘டக்’ என்று ஒரு சத்தம். கோபத்தில் கொட்டையோடு கடித்துவிட்டார். கடைவாய்ப் பல்.

“பாத்துத் தின்னக் கூடாதா?” என்றாள் சலாமா.

“பல்லுக்கு ஒண்ணும் ஆகல.”

“ரத்தம் வருது.”

“அது என் ரத்தம். நான் பாத்துக்கறேன்.”

முதலில் வெள்ளை மசூதி. வெளியே வெயில் கொளுத்துகிறது, காலடியில் பளிங்கு சில்லென்று இருக்கிறது. மத்தர் கூட அங்கே வாயை மூடிக்கொண்டார். பல் வலியா பக்தியா என்று தெரியவில்லை. ஃபத்தூம் விளக்குக் கொத்தை அண்ணாந்து பார்த்து, இதை யார் ஏறித் துடைப்பார்கள் என்பதிலேயே நின்றுவிட்டாள். சலாமா பெண்கள் பக்கம் போய்த் தொழுதுவிட்டு நெடுநேரம் கையேந்திக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் மத்தர் கேட்டார். “இவ்வளவு நேரம் என்ன கேட்டே?”

“உங்க பல்லு வலி போகணும்னு கேட்டேன்.”

“மசூதி வாசல்ல நின்னு பொய் சொல்லாத.”

“அதையும் கேட்டேன்” என்றாள் சலாமா.

அடுத்தது கடற்கரையோரக் கட்டடங்கள். கழுத்து வலிக்க வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். ஒரு காலத்தில் இந்த இடத்தில் ஓலைக் குடிசையும் உப்புத் தண்ணீரும் மட்டும்தான் இருந்தன என்று மத்தரின் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார்கள். இப்போது சலாமா ஒவ்வொரு கட்டடத்தையும் கொஞ்சம் கோபத்தோடுதான் பார்த்தாள். இந்த ஊர்தான் அவள் அண்ணனை அழைத்துக்கொண்டது. அண்ணன் காதில் போனை ஒட்டவைத்ததும் இதுதான்.

பிறகு அருங்காட்சியகம். தண்ணீர்மேல் மிதக்கிற மாதிரி ஒரு வெள்ளைக் கூரை. அதன் ஓட்டைகள் வழியாக வெயில் பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே, கறுப்பு அபாயா அங்கியும் கழுத்தில் அட்டையுமாக, ஒரு வெளிநாட்டுக் கூட்டத்துக்கு எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள் ஷம்மா. அவளுக்கு அங்கேதான் வேலை. மத்தருக்கு அது தெரியாது. வண்டியில் இருந்த மற்ற மூன்று பேருக்கும் தெரியும்.

கூட்டத்தை அனுப்பிவிட்டு வந்து அத்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். சுஹைலை ஒரு கணம் பார்த்துவிட்டு, பார்க்காதவள்போல் மத்தரிடம் திரும்பினாள்.

“எப்படி இருக்கீங்க மாமா?”

“அல்லா காப்பாத்துறான்.”

“கன்னம் வீங்கியிருக்கே.”

“வீங்கல. அது அப்படித்தான் இருக்கும்.”

“போன வருஷம் கல்யாணத்துல பாத்தப்ப அப்படி இல்லையே மாமா.”

மத்தர் கூரையைப் பார்த்தார். ஃபத்தூமும் பார்த்தாள். பார்த்துவிட்டு, “என் ஆட்டுக் கொட்டகைல ஓலை வழியா இதே மாதிரிதான் வெயில் விழும். அதுக்கு யாரும் டிக்கெட் வாங்கறதில்ல” என்றாள்.

ஷம்மா சிரித்தாள். “அந்த ஓலையப் பாத்துத்தான் கட்டினாங்கன்னு நாங்களே சொல்றோம் பெரியம்மா.”

அதற்கப்புறம் ஃபத்தூமைப் பிடிக்க முடியவில்லை. கட்டடத்தில் தனக்கும் ஒரு பங்கு இருக்கிற மாதிரி நடந்தாள். மத்தர் மட்டும் பின்தங்கி, ஷம்மா அடுத்த கூட்டத்துக்கு முத்துக் குளிக்கிறவர்களின் மூக்குக் கவ்வியைக் காட்டிப் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றார். அவருடைய தாத்தா முத்துக் குளித்தவர். பெண் நன்றாகத்தான் சொன்னாள் போலிருக்கிறது. அவர் தலை இரண்டு தடவை ஆடியதை சலாமா தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

வண்டி நிறுத்திய இடத்துக்கு வந்தபோது வண்டிமேல் சாய்ந்துகொண்டு கல்ஃபான் நின்றிருந்தார்.

யார் தகவல் சொன்னது என்பதை இன்றுவரை ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அருங்காட்சியகத்தின் கழிவறைக்கு ஃபத்தூம் போனை எடுத்துக்கொண்டு போனாள், வர நேரமாயிற்று என்பதை மட்டும் சொல்லி வைக்கலாம்.

கல்ஃபானுக்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. இரண்டு பேரும் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். ஈரப் பெயின்ட் இன்னும் காயவில்லை.

“என் வீட்டுல ஒரு வாய் கஹ்வா குடிக்காம நீ இந்த ஊரத் தாண்டிப் போனா, வல்லாஹி, நான் இனிமே கஹ்வாவே தொட மாட்டேன்” என்றார் கல்ஃபான்.

“டீ குடி. அதுவும் நல்லாத்தான் இருக்கும்.”

“எங்கண்ணன் சத்தியம் வெச்சிட்டாரு” என்றாள் சலாமா மெதுவாக. பெரிய மனுஷன் ஒருத்தன் வைத்த சத்தியத்தை முறிக்கவைக்கிற பாவத்தை மத்தர் தலையில் ஏற்றிக்கொள்ள மாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். கல்ஃபானுக்கும் தெரியும்.

“ஒரே ஒரு கோப்பை” என்றார் மத்தர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. “சாப்பாடு கீப்பாடுன்னு ஆரம்பிச்சா எழுந்து வந்துடுவேன்.”

புது வீடு பெரியதுதான். ஆண்கள் உட்காரும் கூடத்துக்கும் பெண்களின் அறைக்கும் நடுவில் ஒரு கதவு. கதவு திறந்திருந்தது. எங்கே உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் தெரியும் என்பதை ஃபத்தூமுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சலாமாவும் அவள் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். அண்ணி தட்டு தட்டாகக் கொண்டுவந்து வைத்ததில் ஒன்றையும் தொட முடியவில்லை. உள்ளே மத்தர், பக்கத்தில் சுஹைல், எதிரே கல்ஃபான். வேலைக்காரனை அனுப்பிவிட்டுத் தானே ஜாடியை இடது கையில் பிடித்து, ஏலக்காயும் குங்குமப்பூவும் மணக்கிற கஹ்வாவை ஊற்றி, வலது கையால் கோப்பையை நீட்டினார்.

மத்தர் வாங்கினார். உதட்டில் வைத்தார். ஆவி பறக்கிற கஹ்வா, உடைந்த பல். உச்சந்தலை வரைக்கும் இழுத்திருக்க வேண்டும். ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. கோப்பையை அப்படியே தரையில் வைத்துவிட்டுக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

கல்ஃபானின் கை நின்றது.

கதவுக்கு இந்தப் பக்கம் ஃபத்தூம் வாயைத் திறந்து “பல்லு…” என்று ஆரம்பித்தாள். சலாமா அவள் தொடையில் கிள்ளிய கிள்ளில் மிச்சம் உள்ளேயே போய்விட்டது. அந்தத் தடம் போக ஒரு வாரம் ஆயிற்றாம்.

கல்ஃபான் ஜாடியைக் கீழே வைக்கவில்லை. நின்றபடியே சொன்னார்.

“அன்னைக்கு நான் பாக்கல மத்தரு. நீ போனப்புறம் கோப்பைய எடுக்க வந்த பையன்தான், இது குடிக்காமலே இருக்கு ஐயான்னு காட்டினான். அப்பதான் எனக்கு விளங்குச்சு. உனக்குப் போன் பண்ணினேன், நீ எடுக்கல. திப்பாவுக்கு வந்தேன், நீ கடலுக்குப் போயிட்டேன்னு சொன்னாங்க. அதுலேந்து இந்த வீட்டுக்கு வர்ற ஒருத்தன் கோப்பையையும் நான் பாக்காம விட்டதில்ல. இன்னைக்குப் பாத்துட்டேன். குடி. நீ என்ன கேட்டு வந்திருந்தாலும் அது முடிஞ்சது.”

மத்தர் கோப்பையைப் பார்த்தார். மனுஷன் என்ன செய்யப்போகிறார் என்று சலாமாவுக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் கூட இருந்தும் அந்த நிமிஷத்தில் தெரியவில்லை. “ஒண்ணும் கேக்க வரல, பல்லு வலி” என்று சொன்னால் அது உண்மை. அதைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. பையனின் கல்யாணம், அவளுடைய பிறந்த வீடு, எல்லாம். சுஹைல் தரைவிரிப்பின் பூக்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மத்தர் நிமிர்ந்து கல்ஃபானைப் பார்த்தார். கல்ஃபானின் கையிலிருந்த ஜாடியின் மூடி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தது. கை நடுங்கியது. ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்களோடு போனில் பேசிய கை.

மத்தர் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். தலைத்துணியைச் சரிசெய்துகொண்டார். நாக்கு கொஞ்சம் குழறினாலும் முறையாகவே சொன்னார்.

“எங்க சுஹைலுக்கு உங்க ஷம்மாவக் கேட்டு வந்திருக்கோம்.”

“குடுத்தேன்” என்றார் கல்ஃபான். பிறகு பெண்ணைப் பெற்றவன் என்ற நினைப்பு வந்து, “அவளையும் ஒரு வார்த்தை கேட்டுடணும்” என்றார்.

கேட்கத் தேவையே இல்லாமல் நடைவழியிலிருந்து பதில் வந்தது. வேலை முடிந்து ஷம்மாவும் அதற்குள் வீட்டுக்கு வந்திருந்தாள். “எனக்குச் சம்மதம்பா. ஆனா வேலைய விட மாட்டேன். திப்பாவுக்கு வந்து மாமாவோட ஆட்டப் பாத்துக்க என்னால முடியாது.”

“என் ஆட்ட உன்ன நம்பி யாரு விடப்போறா?” என்றார் மத்தர். “அதுங்களுக்கும் ஒரு மரியாதை இருக்கு. இவன வேணும்னா வெச்சுக்கோ.”

பத்து வருஷத்தில் முதல் தடவையாக கல்ஃபான் அவர் எதிரில் சிரித்தார்.

அப்புறம் குடிக்க வேண்டியிருந்தது. சம்மதம் சொன்ன கோப்பையை மிச்சம் வைக்கக் கூடாது. மத்தர் ஒரே மூச்சில் விழுங்கினார். வலியில் கோப்பையை ஆட்டிக் காட்டிப் போதும் என்று சொல்ல மறந்துவிட்டார். ஆட்டாத கோப்பையைச் சும்மா விடலாமா, கல்ஃபான் உடனே நிரப்பினார். அதையும் குடித்தார். மூன்றாவதும் வந்தது. கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது. மச்சான் அழுகிறான் என்று நினைத்து கல்ஃபானும் அழ ஆரம்பித்தார். இரண்டு கிழவர்களும் கட்டிக்கொண்டு அழுவதைப் பார்த்து அண்ணி அழுதாள். ஃபத்தூம் மட்டும் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அது அழுகை இல்லை.

சாப்பாட்டுக்கும் உட்கார்ந்தார்கள். மத்தரால் சோற்றை மட்டும்தான் விழுங்க முடிந்தது. மீன் எப்படி என்று கேட்டதற்கு, இதைப்போல் சாப்பிட்டதே இல்லை என்றார். அதுவும் உண்மைதான்.

திரும்பும்போது சுஹைலுக்கு வண்டி ஓட்டுகிற நினைப்பே இல்லை. இரண்டு தடவை திருப்பத்தை விட்டுவிட்டான். யாரும் திட்டவில்லை. பின்னால் அந்த ஊரின் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்கியிருந்தன. காலையில் கோபமாகப் பார்த்த கட்டடங்களை சலாமா இப்போது கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவள் பையனும் இனி அங்கேதான் இருக்கப்போகிறான்.

“பல்லு வலிக்குத்தான கோப்பையக் கீழ வெச்சீங்க?” என்று கேட்டாள்.

“வெச்சது பல்லுக்குத்தான்” என்றார் மத்தர். “கேட்டது நான்.”

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே சொன்னார். “கை எப்படி நடுங்குச்சு பாத்தியா? வர்றவன் போறவன் கோப்பையெல்லாம் இத்தன வருஷமா பாத்துக்கிட்டு இருந்திருக்கான் மனுஷன். அன்னைக்கு நான் போன எடுத்திருக்கணும் சலாமா.”

சலாமா அவர் தோளில் கை வைத்தாள். முன் சீட்டும் பின் சீட்டுமாக இருந்ததால் அவ்வளவுதான் எட்டியது.

ஃபத்தூம் டப்பாவிலிருந்து ஒரு பழத்தை எடுத்து, கொட்டையை நீக்கி, முன் சீட்டுக்கு நீட்டினாள்.

கல்யாணம் அந்தக் குளிர்காலத்திலேயே திப்பாவில் நடந்தது. சுஹைல் வேலையை மாற்றிக்கொண்டு அபுதாபிக்குப் போய்விட்டான். அருங்காட்சியகத்துக்குப் பக்கத்துத் தீவில் வீடு, இப்போது ஒரு பெண் குழந்தை. கல்ஃபான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் மகளும் மருமகனும் வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல் அவ்வளவு பெரிய வீட்டைப் பூட்டிவிட்டு, மனைவியோடு திப்பாவுக்கே வந்து மத்தர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியேறினார். ஃபத்தூமின் கடைசி மகள் போன வருஷம் அதே கடற்கரையில் தெற்கே இருக்கிற கல்பாவில் ஒரு மீன் வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மாப்பிள்ளை வீட்டார் நல்ல மாதிரி, அதிகம் பேச மாட்டார்கள் என்று கேள்வி.